கோல் அடிக்காத பிள்ளைகளின் கணக்கு



கொம்பனித்தெரு உறவுகளே, இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் பந்து அடிக்கிற பிள்ளை இருந்தால் உம்மாவும் வாப்பாவும் சேர்ந்தே வாசியுங்கள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டம் முடிந்த கையோடு ஒரு உம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன பர்ஸ். அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சோடி காப்பு.

"சேர், மகன மாலைதீவுக்கு எடுக்கிறாங்களாம், புட்போல் விளையாட. விசாவுக்கும் டிக்கட்டுக்கும் ஒண்டரை லட்சம் கட்டணுமாம். இத அடகு வெக்கப் போறன். அதுக்கு முந்தி உங்கள்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவமெண்டு வந்தன்."

அவருடைய மகன் எங்களிடம் உயர்தரம் படிக்கிற பிள்ளை. பெயரைச் சொல்ல மாட்டோம். உம்மாவிடமும் பிள்ளையிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். வாப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் இவனுக்குக் கீழே இரண்டு பேர். பிள்ளை படிப்பில் நடுத்தரம், பந்தில் கெட்டிக்காரன். ஆனால் கோல் அடிக்கிற கெட்டிக்காரன் இல்லை. பின்வரிசையில் நடுவில் நிற்பவன். அஸருக்குப் பிறகு மைதானப் பக்கம் போகிறவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும், தெரியாமலும் இருந்திருக்கும். அந்த இடத்தில் நிற்கிறவர்களை நாங்கள் யாரும் கவனித்துப் பார்ப்பதில்லையே.

இடைவேளையில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினோம். கணித டீச்சர், விளையாட்டுக்குப் பொறுப்பான சேர், நாங்கள் எல்லோரும் இருந்தோம். வழக்கமாகச் சொல்வதையே சொன்னோம். முதலில் படிப்பை முடி மகன், பந்து எங்கேயும் ஓடிவிடாது, காலில் ஒரு அடி பட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், டிஃபெண்டர் ஒருத்தர்ட பேர் செல்லுங்க. எங்கட நாட்டு ஆளா இரிக்கணும். வெளிநாட்டுல போய் விளையாடி, நல்லா வந்த ஆளா இரிக்கணும். அப்பிடி ஒருத்தரும் இல்லெண்டா நான் போகல்ல."

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. பெலே, மரடோனா, மெஸ்ஸி என்றால் வரிசையாகச் சொல்லுவோம். இந்தத் தெருவில் கோல் அடித்தவர்களைப் பற்றிக் கேட்டால் எங்கள் மூத்தவர்கள் ஒரு இரவு முழுக்கச் சொல்லுவார்கள். எந்த வருடம், எந்தக் கழகத்துக்கு எதிராக, எந்தக் காலால் அடித்தது என்பது வரை நினைவு இருக்கும். ஆனால் கோல் போகாமல் காத்த ஒருவரின் பெயரைக் கேட்டால்?

கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டு சேர்தான் சொன்னார்: "பக்கீர் அலி."

பிள்ளைக்குத் தெரியவில்லை. எங்களில் பாதிப் பேருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் பேசியதையும் பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறோம்.

நிசாம் பக்கீர் அலி இலங்கை தேசிய அணியின் பின்கள வீரர். எண்பதுகளில் பங்களாதேஷ் போய் டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடியவர். இன்றைய பிள்ளைகளுக்கு டாக்கா என்றால் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் டாக்கா முழுக்கப் புட்போல் பைத்தியம். அபஹானிக்கு வான்நீலம், மொஹமடனுக்குக் கறுப்பும் வெள்ளையும். நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும், வீட்டுக் கூரைகளில் கொடி பறக்கும். 1982 செப்டெம்பரில் இந்த இரண்டு கழகங்களும் ஆடிய ஒரு போட்டி கலவரத்தில் முடிந்தது. இராணுவ ஆட்சிக் காலம் அது. அபஹானியின் பெரிய நட்சத்திரம் காஸி சலாஹுதீன் உட்பட நான்கு வீரர்களைச் சிறைக்கே அனுப்பினார்கள். அந்த மாதிரி ஒரு ஊர், அந்த மாதிரி ஒரு கழகம். அங்கே பிழை விடுகிற பின்கள வீரரின் கதி என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று முறை அபஹானி டாக்கா லீக்கை வென்றது அந்தக் காலத்தில்தான். அந்த லீக்கில் வெளிநாட்டு வீரர்கள் பலர் இருந்தார்கள். இலங்கையிலிருந்து போனவர்கள் மட்டும் இல்லை. 1986இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் ஆடிய ஈராக் வீரர்கள் சமீர் ஷாக்கிரும் கரீம் அல்லாவியும் அடுத்த வருடமே அபஹானிக்கு வந்தார்கள். கூலி கொடுத்துக் கூப்பிட்டால் கூலிக்கு வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த பருவத்துக்கு வேறு ஆள். அந்தச் சந்தையில் நம் நாட்டுப் பின்கள வீரர் ஒருவர் ஒரு பருவத்தோடு திரும்பி வராமல் நின்றுபிடித்தார் என்றால் அது எத்தனை பெரிய விஷயம்!

"எத்தின கோல் அடிச்சிருக்காரு சேர்?" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை கேட்டான். எங்கள் பிள்ளை திரும்பி அவனைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பின்கள வீரரின் வேலை என்ன என்று அன்றைக்கு அவனே எங்களுக்குப் படிப்பித்தான். எதிரணி ஆள் பந்தை வாங்கு முன்னே எங்கே ஓடுவான் என்று பார்த்து அங்கே போய் நிற்பது. அப்படி நின்றால் பந்து அங்கே வரவே வராது. வராத பந்தை யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள். தொண்ணூறு நிமிடம் சரியாக நின்றால் பத்திரிகையில் பெயர் வராது. ஒரு விநாடி பிழையாக நின்றால் அடுத்த நாள் தெருவே பெயரைச் சொல்லும். "அதுக்குத்தான் சேர், டிஃபெண்டர்ட பேரு எல்லாருக்கும் தெரிஞ்சா அவன் சரியில்லெண்டு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தெருவில் எத்தனை பேர் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். கொம்பனித்தெருவின் கதையே வேலை தேடி இடம் மாறியவர்களின் கதை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய் மக்கள் பிறகு ஆங்கிலேயரின் ரைபிள் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள். 1873இல் அந்தப் படையைக் கலைத்தபோது எல்லோரும் வேறு தொழில் தேடினார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் உண்டு, தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் காலத்தில் மத்திய கிழக்கு. ஒரு வீட்டுக்கு ஒருவராவது சவூதி, கட்டார், குவைத் என்று போய் இரண்டு வருடம், நாலு வருடம் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் போனவர்கள். முதலாளி மாறுவார், ஊர் மாறும், வேலை ஒன்றுதான். அவர்களை நாங்கள் நாடோடி என்று சொன்னதில்லை. குடும்பத்தைக் காத்தவர் என்று சொன்னோம். பந்து விளையாடிக் கொண்டே கழகம் கழகமாகப் போகிறவனை மட்டும் ஏன் வேலை வெட்டி இல்லாதவன் என்கிறோம்?

பக்கீர் அலி கதையின் அடுத்த பாதியையும் பிள்ளைக்குச் சொன்னோம்.

காலில் ஓட்டம் நின்ற பிறகும் அவர் தொழிலை விடவில்லை. பயிற்றுநரானார். பங்களாதேஷ் கழகங்களே அவரைத் திரும்பக் கூப்பிட்டன. ஒரு காலத்தில் தமக்காக ஆடிய வெளிநாட்டுக்காரனை அணியையே நடத்தக் கூப்பிடுகிறார்கள் என்றால் அங்கே அவர் என்ன பெயர் விட்டுவிட்டு வந்திருப்பார் என்று பாருங்கள். 2018இல் இலங்கை தேசிய அணியின் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் தெற்காசியக் கிண்ணம். எங்கே? டாக்காவில். இளவயதில் ஆடிய ஊருக்கே தலை நரைத்த பயிற்றுநராகப் போனார்.

எங்கள் குழுவில் மூன்று நாடுகள்: இந்தியா, மாலைதீவு, இலங்கை. இந்தியாவிடம் 2-0 என்று தோற்றோம். மாலைதீவோடு 0-0. ஒரு பின்கள வீரர் நடத்திய அணி கோல் விடாமல் முடித்த போட்டி அது. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 2-0. இப்போது புள்ளி சமம், அடித்தது சமம், வாங்கியது சமம், எல்லாம் சமம். யார் அரையிறுதிக்குப் போவது? நாணயம் சுண்டினார்கள். மாலைதீவு போனது. போனது மட்டும் இல்லை, இறுதிப் போட்டியில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தது.

பிள்ளை இதைக் கேட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப எங்கட ஆக்கள் கோல் வாங்காம இருந்த அந்த மேட்ச்?" என்றான். அந்த மேட்ச் யாருக்கும் ஞாபகம் இல்லை மகன். கிண்ணம் எடுத்தவர்களோடு சமமாக நின்றோம் என்று ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் 2019. அந்த ஏப்ரலையும் அதற்குப் பின்னால் வந்த மாதங்களையும் கொழும்பு முஸ்லிம்களாகிய எங்களுக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போன நாட்கள் அவை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பப் பயந்த நாட்கள். அந்த ஜூன் மாதம்தான் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி, மக்காவோடு. முதல் போட்டி சீனாவின் சூஹாய் நகரில், 1-0 என்று தோற்றோம். இரண்டாவது போட்டி கொழும்பில் நடக்க வேண்டும். குண்டுவெடிப்பைக் காரணம் காட்டி மக்காவ் வரவில்லை. பிபா இலங்கைக்கு 3-0 என்று வெற்றியைக் கொடுத்தது. நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்த மாதங்களில் இந்த நாட்டின் தேசிய அணிக்கு முன்னால் நின்றவரின் பெயர் பக்கீர் அலி. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எங்களுக்கு மட்டும் அது ஒரு ஆறுதல். சந்தேகக் கண்ணோடு எங்களைப் பார்த்த அதே காலத்தில், எங்கள் பெயர் உள்ள ஒருவர் நாட்டின் கொடிக்குக் கீழே தன்னுடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த சுற்று எப்படி இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. 2019 ஒக்டோபர் 10ஆம் திகதி, தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரில் 8-0. கிம் ஷின்-வூக் மட்டும் நாலு கோல். சன் ஹியுங்-மின் இரண்டு. சன் அந்த ஜூனில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடியவர். அவருக்கு முன்னால் நின்ற எங்கள் பின்கள வீரர்கள் நம் கழகங்களில் ஆடுகிறவர்கள். எட்டு கோல் என்று சிரித்தார்கள் முகநூலில். எட்டாவது கோலுக்குப் பிறகும் ஒன்பதாவது வராமல் ஓடியவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 2020 தொடக்கத்தில் பயிற்றுநர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. தோல்விகளின் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. அப்படித்தான் இந்தத் தொழில்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல மனமில்லாத இன்னொரு பெயரையும் சொன்னோம். மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ். தமிழ்ப் பிள்ளை, தேசிய அணியின் பின்கள வீரர். எங்கள் பிள்ளை போக ஆசைப்பட்ட அதே மாலைதீவில், வலென்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். இளம் வயது. ஊருக்கு வந்தது உடல்தான். பிள்ளையைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தனியாக ஒரு ஊரில் இருக்கப் போகிறவனுக்கு, அங்கே அவனைக் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும். யாரிடம் பேசலாம், சுகமில்லை என்றால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று போகு முன்னே தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குக் கோல் எடுத்து "காசு அனுப்பினியா" என்று மட்டும் கேட்டால் போதாது. "சாப்பிட்டியா, தூங்கினியா, மனசு எப்பிடி" என்று கேட்க வேண்டும். உம்மா அழுதுவிட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகுதான் அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தோம். தரகர் கொடுத்தது. ஒரே பக்கம். சம்பளம் இவ்வளவு என்று இருந்தது. எத்தனை மாதத்துக்கு என்று இல்லை. காயம்பட்டால் யார் செலவு என்று இல்லை. கையெழுத்து வைக்கிற இடத்தில் கழகத்தின் முத்திரை இல்லை.

அன்றிரவு கனடாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரோடு இதைப் பேசினோம். அவர் அங்கே ஐஸ் ஹொக்கி பார்க்கிறவர். அவர் சொன்னது எங்கள் கண்ணைத் திறந்தது. அங்கேயும் இதே மாதிரிப் பின்கள வீரர்கள் இருக்கிறார்களாம். உச்சத்தில் என்எச்எல் என்ற லீக், அதற்கு ஒரு படி கீழே அமெரிக்கன் ஹொக்கி லீக். மேலே உள்ள ஒவ்வொரு கழகத்துக்கும் கீழே ஒரு கழகம். ஒரு போட்டிக்கு வழக்கமாக ஆறு பின்கள வீரர்கள் இறங்குவார்கள். யாருக்காவது காயம் என்றால் கீழே இருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள், அவன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் வருவான். காயக்காரன் சுகமானதும் இவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து வருடத்தில் எட்டு ஊர், ஒன்பது ஊர் மாறியவர்கள் உண்டாம். பெயரும் புகழும் அங்கேயும் கோல் அடிப்பவனுக்குத்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். மேலே கூப்பிட்டால் எவ்வளவு, கீழே இருந்தால் எவ்வளவு என்று இரண்டு சம்பளத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். கீழ் லீக்குகளில் ஆடுபவர்களுக்கு 1967ஆம் ஆண்டிலிருந்தே சொந்தத் தொழிற்சங்கம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம், காயத்துக்கு வைத்தியம் எல்லாம் அந்தச் சங்கம் பேசித் தீர்மானிக்கிறது. அதாவது அங்கே ஊர் ஊராகப் போகிற பின்கள வீரன் ஒரு தொழிலாளி. தொழிலாளிக்கு உரிய கடதாசி அவனிடம் இருக்கிறது. எங்கள் பிள்ளையிடம் இருந்தது முத்திரை இல்லாத ஒரு பக்கம்.

புட்போலில் விதி இல்லையா? இருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. கணித டீச்சர் பிபாவின் விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு இரவு இருந்து வாசித்தார். எங்கள் பெற்றோருக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறோம். தயவுசெய்து சேமித்து வையுங்கள்.

ஒன்று. 18 வயது முடியாத பிள்ளையை ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் என்பது போல. எங்கள் பிள்ளைக்கு அவை எதுவும் பொருந்தவில்லை. அவனுக்கு அப்போது வயது 17.

இரண்டு. வேறு நாட்டுக்கு ஆடப் போகிறவனுக்கு இங்கே உள்ள சம்மேளனத்திலிருந்து அங்கே உள்ள சம்மேளனத்துக்குச் சர்வதேச மாற்றச் சான்றிதழ் போக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கி "பிறகு பார்ப்போம்" என்பது புட்போல் இல்லை.

மூன்று. தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது அந்தப் பருவம் முடியும் வரைக்கும் இருக்க வேண்டும். வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. அதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னே கழகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலு. கழகம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் கொடுக்காவிட்டால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருங்கள்.

ஐந்து. ஏஜன்ட் என்று வருகிறவருக்கு பிபா லைசன்ஸ் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். தேடிப் பாருங்கள். "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நம்ம ஆளென்று நம்பித்தானே அந்த உம்மா காப்பைக் கழற்றினார்.

அடுத்த நாள் தரகரிடம் உம்மாவும் வாப்பாவுமே பேசினார்கள். பக்கத்தில் நாங்கள் இருந்தோம். "பிள்ளைக்கு 17 வயசு. மாற்றச் சான்றிதழ் எப்பிடி எடுப்பீங்க?" என்று வாப்பா கேட்டார். ஓட்டோ ஓட்டுகிற அந்த மனுஷன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது எங்களுக்கே ஆச்சரியம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "நான் திருப்பி எடுக்கிறன்" என்றார். எடுக்கவே இல்லை.

காப்பு உம்மாவின் கையிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நாங்கள்தான் பிழை. ஒரு கிழமையாகப் பிள்ளை எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களால் அவனுடைய வாய்ப்புப் போனது என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம் அப்படி நினைக்கிறான் போலத்தான் தெரிகிறது. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இங்கே இருந்து என்ன செய்யப் போகிறான்? 2023 ஜனவரியில் பிபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்டில்தான் எடுத்தது. அந்த மாதங்களில் எத்தனை இளம் கால்கள் சும்மா இருந்தன. நிர்வாகச் சண்டைக்கு வீரர்கள் கொடுத்த விலை அது. ஒரு பின்கள வீரனுக்கு நல்ல வயது பத்து வருடம் இருந்தால் பெரிய விஷயம். அதில் ஒன்றை யார் திருப்பிக் கொடுப்பது?

அதனால் "போகாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வர எங்களுக்கு உரிமை இல்லை. போவதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும். இப்போது நாங்கள் செய்வது இதுதான். அவன் உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டான். பரீட்சைக்காக ஒரு நாள்கூடப் பயிற்சியை விடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றிக் கொடுத்தோம். 18 முடிந்துவிட்டது. விளையாட்டு சேர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளின் தெரிவுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அங்கே போனால் பந்தும் இருக்கும், மாதச் சம்பளமும் இருக்கும். வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் இன்ஷா அல்லாஹ் அதற்கும் போகட்டும், முத்திரை வைத்த ஒப்பந்தத்தோடு. அதோடு பயிற்றுநர் சான்றிதழுக்கான முதல் வகுப்புக்கு இப்போதே போகச் சொல்லியிருக்கிறோம். காலில் ஓட்டம் நின்ற பிறகு தொழில் நிற்கக் கூடாது. பக்கீர் அலியின் வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் அது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

எங்கள் தெரு மாறிக்கொண்டே போகிறது. பழைய வீடுகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. கூடி விளையாடிய சந்துகள் சுருங்கிவிட்டன. அப்படியிருந்தும் ஜாவா லேன் கழகத்தின் பெயர் இன்னும் நிற்கிறது. கொட்டாஞ்சேனைக்கு ரட்னம், புறக்கோட்டைக்கு சோண்டர்ஸ், எங்களுக்கு ஜாவா லேன் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் பின்வரிசையில் நின்றவர்கள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். வேகந்தைப் பள்ளியில் முன் வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுகிற ஒரு பெரியவரின் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள். அது வயதால் மட்டும் வந்த வலி இல்லை.

அப்படியானவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். கோல் அடித்தவர்களைப் பிறகு எழுதலாம். உங்கள் வாப்பா, மாமா, நானா யாராவது பின்வரிசையில் நின்றிருந்தால், எந்தக் கழகம், எந்தக் காலம், பிறகு என்ன தொழில் செய்தார் என்று எழுதுங்கள். அவர்களின் அனுமதி கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பாடசாலையில் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் ஒட்டப் போகிறோம். அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து "டிஃபெண்டர் ஒருத்தர்ட பேர் செல்லுங்க சேர்" என்று கேட்டால் நாங்கள் வாய் அடைத்து நிற்கக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானப் பக்கம் போனோம். அவன் ஆடிக்கொண்டிருந்தான். முழு நேரமும் அவனை மட்டும் பார்த்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டியைப் பந்தைப் பார்க்காமல் பார்த்தோம். எதிரணிப் பையன் ஒருவன் இடது பக்கமாக ஓடப் பார்த்தான். எங்கள் பிள்ளை மூன்று எட்டு முன்னாலேயே அங்கே போய் நின்றுவிட்டான். அந்தப் பையன் நின்று, திரும்பி, பந்தைப் பின்னால் கொடுத்தான். அவ்வளவுதான். ஒருவரும் கை தட்டவில்லை.

நாங்கள் தட்டினோம். பக்கத்தில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். முகத்தில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது போலத் தெரிந்தது.

பிள்ளைக்காக துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.